பேய்க்கதை எழுதுகிறவருக்குப் புதுச்சேரிக் கைக்காகித நோட்டு: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

இந்த நோட்டில் நாவல் எழுத முடியாது. ஏ5 அளவு, 80 தாள், கோடு கிடையாது. தமிழைப் படிக்கும்படி எழுதினால் பக்கத்துக்கு 18 வரி, வரிக்கு ஆறேழு சொல். வலப்பக்கம் மட்டும் எழுதினால் மொத்தம் ஒன்பதாயிரம் சொல்லைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். முப்பதாயிரம் சொல் வரும் பேய் நாவலுக்கு இப்படி நாலு நோட்டு வேண்டும். அந்தக் காசுக்குக் கட்டுக்கட்டாக வெள்ளைத்தாள் வாங்கலாம். அத்தியாயம் எழுதக் கணினியோ போனோ போதும்.

ஆனால் பேயின் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அது எங்கே நிற்கும், எதைத் தொடும், எதைக் கண்டு விலகும், எந்த ராத்திரி வரும், யார் கண்ணுக்குத் தெரியும், ஏன் வந்தது. இதை எழுதி வைக்க இந்தப் புதுச்சேரி, கடலூர்க் கடற்கரையில் கிடைக்கிற பொருளில் கைக்காகித நோட்டுதான் சிறந்தது என்பது எங்கள் முடிவு. அதற்கான காரணங்களும், வாங்கும்போது ஏமாறக்கூடிய இடங்களும் கீழே.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959-இல் தொடங்கியது. இன்று நகரில் பல கடைகளில் பலர் செய்த நோட்டுகள் கிடைக்கின்றன. செய்முறை அடிப்படையில் ஒன்றுதான். பனியன் வெட்டுத்துணி போன்ற பருத்திக் கழிவைப் பொறுக்கி, பொத்தானையும் நைலானையும் நீக்கி, சிறு துண்டாக வெட்டி, தண்ணீரோடு அரைவைத் தொட்டியில் மணிக்கணக்கில் அடித்துக் கூழாக்குகிறார்கள். சல்லடைச் சட்டத்தால் கூழை அள்ளி, துணிமேல் கவிழ்த்து, அழுத்தி நீர் பிழிந்து, காயவைத்து, உலோகத் தகடுகளுக்கு நடுவே நெருக்கி வழவழப்பாக்கினால் தாள். மட்டமான மரக்கூழ்த் தாளைப் பழுப்பாக்கும் லிக்னின் பருத்தியில் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் செய்தித்தாள் சீக்கிரம் பழுத்து உதிர்கிறது, இது அப்படியே நிற்கிறது. பேய்க்கணக்கு ஒரு நாவலோடு முடிகிற விஷயமில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே பேயை அடுத்த கதைக்குக் கூப்பிடும்போது, அது கதவைத் திறந்து வருமா, கதவுக்குள் புகுந்து வருமா என்று பார்க்க இந்தப் பக்கத்துக்குத்தான் திரும்பி வரவேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது

நாங்கள் எடுத்துப் பார்த்தது தையல் பைண்டிங் நோட்டு. எட்டுத் தாள் கொண்ட மடிப்புக் கட்டு, அதாவது பாரம், பத்து; மார்பிள் தாள் ஒட்டிய கெட்டி அட்டை. தாளின் கனத்தை விரலால் சொல்ல முடியாது. கைக்காகிதம் எப்போதும் கொஞ்சம் பொதபொதவென்று இருப்பதால் உள்ளதைவிடக் கனமாகத் தோன்றும். அதே தாளை உதிரியாக விற்கிற கடையில் ஏ5 தாள் 16 எடுத்துத் தராசில் வையுங்கள். 32 ஏ5 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 16 தாளின் எடையை இரட்டித்தால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 60 கிராம் வந்தால் 120 ஜிஎஸ்எம். எழுத்து வேலைக்கு இதுதான் சரியான கனம். 100-க்குக் கீழே போனால் மை மறுபக்கம் தலை நீட்டும். 150-ஐத் தாண்டினால் நோட்டு மேசையில் படிந்து திறக்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே எழுத வேண்டிவரும்.

கனத்தைவிட முக்கியம், மை ஊறாமல் இருக்கக் கூழிலேயே சேர்க்கும் பசை. உதிரித்தாளின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம் முத்துப்போல் நின்றால் எழுதலாம். விழுந்தவுடன் உறிஞ்சிக்கொண்டால் அது ஓவியத்துக்கோ வாழ்த்தட்டைக்கோ ஆகும், பேனாவுக்கு ஆகாது. பசை போதாத தாளில் மை நார் நாராக ஓடும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு இது பெரிய தொல்லை. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ணை, ஞ, ழ இவற்றின் சுழிகள் மையில் அடைபட்டால் மூன்று சுழி ண எது, இரண்டு சுழி ன எது என்று தெரியாது.

இன்னொன்று, தமிழில் எழுதுகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டியது. பூவிதழ், வைக்கோல், வாழைநார் தூவிய தாள் பார்க்க அழகு, அதைத்தான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். வாங்க வேண்டாம். அந்தத் துகள்கள் நம் புள்ளிகளோடு கலந்துவிடும். ‘இருட்டில் பல தெரிந்தது’ என்று எழுதியதன்மேல் ஒரு துகள் உட்கார்ந்தால் ‘இருட்டில் பல் தெரிந்தது’ ஆகிவிடும். பேய்க்கதையில் இரண்டுமே பொருந்தும் என்பதால் பிழை என்றுகூடத் தோன்றாது. வெறும் வெள்ளை அல்லது இளமஞ்சள் தாளே போதும்.

பைண்டிங்கில் தையலைத் தவிர வேறு எதையும் ஏற்க வேண்டாம். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டியது ஆறு மாதம் புரட்டினால் தாளை உதிர்க்கும். கம்பிச்சுருள் போட்டது கடலோரக் காற்றில் துருப்பிடித்து ஓரத்தைக் கறையாக்கும். அட்டையை இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் பட்டையும் இந்த வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் தளர்ந்து நூல்நூலாகும். நாடா கட்டியது மேல்.

கிழிந்தாற்போன்ற ஓரம் கைக்காகிதத்தின் இயல்பு, அது குறையில்லை. ஆனால் அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தள்ளிப் புரட்டும்போது இரண்டு தாள் சேர்ந்து வரும். பக்க எண் போட்டு வைத்தால் எங்கே தாண்டினோம் என்று தெரிந்துவிடும். முதல் இரண்டு தாளைப் பொருளடக்கத்துக்கு விட்டு, மூன்றாம் தாளிலிருந்து எண் போடுங்கள்.

பேனா, மை, பென்சில்

மெல்லிய முனை கொண்ட மைப்பேனா அல்லது 0.5 ஜெல் பேனா. பட்டை முனை வேண்டாம். சொரசொரப்பில் மையை அதிகம் இறக்கும். பால்பாயிண்ட் பேனா பள்ளத்தில் விட்டுவிட்டு எழுதும். ஆனால் அதன் மை எண்ணெய்ச் சேர்மானம் என்பதால் தண்ணீரில் கரையாது. கடலூர்க்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில். சாயம் கரைத்த சாதாரண மைப்பேனா மை ஒரே நனைப்பில் நீலத் தண்ணீராகப் போய்விடும். ஆகவே நீரில் கரையாத நிறமி மையோ, உறையில் அப்படிக் குறித்திருக்கும் ஜெல் பேனாவோ வாங்குங்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதி, ஒரு நாள் காயவிட்டு, குழாயடியில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இரும்புச்சத்து சேர்ந்த பழைய வகை நீலக்கறுப்பு மை தண்ணீரைத் தாங்கும், ஆனால் அமிலம் உள்ளது. நெடுங்காலத்தில் தாளை அரிக்கக்கூடும்.

தாளின் இரண்டு முகமும் ஒன்றல்ல. சல்லடைப் பக்கம், துணிப் பக்கம் என்று இரண்டு. நோட்டை விரித்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் வழவழப்பு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு. ஒவ்வொரு பாரத்தின் நடுவிலும் இது இடம் மாறும். வலப்பக்கம் பேனாவுக்கு, இடப்பக்கம் 2பி பென்சிலுக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும். ரப்பரை மட்டும் தொடாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு தரம் அழித்தால் நார் எழும்பி, அதன்பின் அங்கே பேனா ஓடாது. தவறை ஒரே கோட்டால் அடித்துவிட்டு மேலே எழுதுங்கள். இந்தக் குறையே பேய்க்கதைக்காரருக்கு லாபமாகிறது. அடித்துப்போட்ட யோசனை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். ‘கொலை செய்தது சித்தப்பா’ என்று எழுதி அடித்தது, பத்துப் பக்கம் தள்ளி வாசகர் தவறாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள் தேவைப்படும்போது அப்படியே கைக்கு வரும். கணினியில் அழித்தது அழிந்ததுதான்.

கோடு போட்ட தாளை அடியில் வைத்து எழுதலாம் என்றால், 120 ஜிஎஸ்எம்மில் அது தெரியாது. 10 மில்லிமீட்டர் இடைவெளியில் விளிம்பு வெட்டிய ஓர் அட்டையை வைத்து, ஓரங்களில் மட்டும் பென்சில் புள்ளி வைத்துக்கொள்வது போதும்.

பேயின் சட்டம்

பொருளடக்கம் போக முதல் ஆறு தாள் இதற்கு. எல்லாவற்றையும்விட அதிக நேரம் இங்கேதான் செலவாக வேண்டும். மூன்று வாரம் ஆனாலும் தகும். பேய் நாவல்கள் கெட்டுப்போவது பயம் போதாததால் அல்ல. நாலாம் அத்தியாயத்தில் வாசலைத் தாண்ட முடியாத பேய் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பஸ் ஏறி வருவதால். கதைக்கு என்ன வேண்டுமோ அதைப் பேய் செய்யத் தொடங்கினால் வாசகர் பயப்படுவதை நிறுத்திவிடுவார். எதுவும் நடக்கலாம் என்றால் எதற்கும் பயமில்லை.

சட்டத்தை நம் மண்ணிலிருந்து எடுக்க வேண்டும். வெளியூர்க் கதைகளில் பேய் உப்பைத் தாண்டாது. அதை அப்படியே கொண்டுவந்து கடலூரில் வைத்தால் கடற்கரை மணலில்கூட அதனால் கால் வைக்க முடியாது. மரக்காணம் உப்பளப் பக்கம் கதையே நடக்காது. நம்மிடம் வேப்பிலை இருக்கிறது, இரும்பு இருக்கிறது, ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துப் போகும்போது தூக்குவாளியில் போடும் கரித்துண்டு இருக்கிறது. எதை எடுத்தாலும் அளவோடு எழுதுங்கள். ‘இரும்புக்கு விலகும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எவ்வளவு இரும்பு? கதவின் தாழ்ப்பாள் கணக்கா? கட்டடத்தின் கம்பி கணக்கா? கான்கிரீட்டுக்குள் கம்பி இருந்தால் புது வீடு எதிலும் பேய் நுழைய முடியாது. ஓட்டு வீட்டில்தான் நுழையும். அப்படியென்றால் தெருவில் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஓட்டு வீடு யாருடையது என்ற கேள்வி வருகிறது. கதை அங்கே தொடங்கிவிட்டது. நல்ல சட்டம் இப்படித்தான் தானாகக் கதையைத் தள்ளும்.

எல்லைக்கு ஓர் உதாரணம். 1690-இல் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார்) மராட்டியரிடமிருந்து கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது சுற்றுநிலத்துக்கு அளவு பேசினார்கள். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக்குண்டு போய் விழும் தூரம்வரை கும்பினிக்கு. அப்படி உள்ளே வந்த ஊர்கள் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. பிறகு 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார், கோட்டை இடிக்கப்பட்டது. இதில் ஒரு பீரங்கிக்காரனின் ஆவியை வையுங்கள். தான் சுட்ட குண்டு விழுந்த இடம்வரைதான் அது நடமாடும். அந்த எல்லை வட்டமாக இருக்காது. ஒவ்வொரு திசையிலும் குண்டு ஒவ்வொரு தூரம் போயிருக்கும். ஒரே தெருவில் இந்த வீடு உள்ளே, அடுத்த வீடு வெளியே. கிழக்கே சுட்டானா? சுட்டிருந்தால் எல்லை கடலுக்குள் இருக்கிறது, மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கும் அவன் தெரிவான். இதை எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, வரைபடம் வேண்டும். 22×30 அங்குல முழுத்தாளில் வரைந்து மடித்துக் கடைசி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும்.

நிலாவும் காற்றும்

நிலாவுக்கு இரண்டு தாள் ஒதுக்குங்கள். அதிகம் பிழை வருகிற இடம் இது. வளர்பிறையின் மெல்லிய பிறை சாயங்காலம் மேற்கில் தெரிந்து சீக்கிரம் மறைந்துவிடும். அது நடுராத்திரியில் கடலுக்கு மேலே நிற்க வழியே இல்லை, ஏனென்றால் இந்தக் கரையில் கடல் கிழக்கே. பௌர்ணமி நிலா சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டிக் கடலிலிருந்து எழும். அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் எட்டரை மணி வாக்கில், தேய்பிறை அஷ்டமியில் நடுராத்திரி வாக்கில், அமாவாசைக்கு முந்தின நாள் விடியலுக்குச் சற்று முன். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் ராத்திரி 12 மணிக்கு நிலா கடலிலிருந்து எழ வேண்டும் என்றால் கதை தேய்பிறை அஷ்டமியில் நடக்க வேண்டும். பௌர்ணமி என்று எழுதிவிட்டு அப்படிக் காட்டினால் மீனவர் குடும்பத்தில் பிறந்த வாசகர் புத்தகத்தை அங்கேயே மூடுவார்.

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு 29½ நாள். கதை எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை வரி போட்டு ஒவ்வொன்றுக்கும் திதி, நிலா எழும் நேரம், மறையும் நேரம் எழுதுங்கள். இந்த வருஷத்தில் நடக்கும் கதை என்றால் பஞ்சாங்கத்தைப் பார்த்து அப்படியே எடுக்கலாம்.

காற்று இன்னும் நல்ல கருவி, ஆனால் எழுதுகிறவர்கள் அதிகம் தொடுவதில்லை. பகலில் நிலம் சூடேறுவதால் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். ராத்திரி நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால் காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். ஆகவே சித்திரை மாதத்து அமைதியான ராத்திரியில் இரண்டு மணிக்குக் கடற்கரை வீட்டில் கடல்வாடை தூக்கலாக அடித்தால் அது நடக்கக்கூடாதது நடப்பது. பேய் என்ற சொல்லே வேண்டாம். வாடை திசை மாறி வந்தது என்று ஒரு மீனவர் சொன்னால் போதும், முதுகு சில்லிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த உத்தி செல்லாது. வடகிழக்குப் பருவக்காற்று ராத்திரியும் கடலிலிருந்தே வீசும்.

சத்தத்தில் பெரிய பயம், இருந்த சத்தம் நிற்பது. ஆள் நடந்து வந்தால் சில்வண்டு நிறுத்திக்கொள்ளும். ஆள் தெரியாமல் சில்வண்டு வரிசையாக நின்றுகொண்டே வந்தால், வருவது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்று வாசகர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

எதிர்ப்பக்கம்: நம்பாதவன்

இந்த நோட்டின் விரிந்த இரண்டு பக்கம் உண்மையாகவே உதவுவது இங்கேதான். வலப்பக்கத்தில் பேனாவால் காட்சி: மணி, திதி, காற்று, வெளிச்சம் எங்கிருந்து, யார் எங்கே, எந்தச் சத்தம் நின்றது, எந்தச் சட்டப்படி பேய் இதைச் செய்கிறது. இடப்பக்கத்தில் பென்சிலால், அதே காட்சிக்குப் பேயை நம்பாதவன் சொல்லும் காரணம். ஒரு காட்சிக்கு ஒரு விரிப்பு. 40 காட்சி என்றால் 40 தாள், பாதி நோட்டு.

நம்பாதவனை மட்டமாக எழுதினால் பேயும் மட்டமாகிவிடும். அவனுக்கு நல்ல ஆயுதம் கொடுக்க வேண்டும். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து அமுக்கியது, கத்த முடியவில்லை என்றால் அவன் சொல்வான்: கனவு வருகிற தூக்க நிலையில் உடம்பு தானே செயலற்றுக் கிடக்கும், அந்த நேரம் மூளை முதலில் விழித்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும், அதைத்தான் அமுக்குவான் பேய் என்கிறார்கள். பிச்சாவரம் சதுப்பில் தீப்பந்தம் மிதந்தது என்றால், கொள்ளிவாய்ப் பிசாசு அல்ல, சேற்றில் அழுகியதிலிருந்து எழும் வாயு. கண்ணில் உருவம் கலங்கித் தெரிந்தது என்றால், தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டதா என்று கேட்பான். அந்தப் பால் கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு நஞ்சு, அந்த மரம் அந்தச் சதுப்பிலேயே நிற்கிறது. பழைய ஆலைக்குள் காரணமில்லாத கலக்கம், ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் என்றால் விக் டான்டியை இழுப்பான். இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த அந்தப் பொறியாளர், ஆய்வுக்கூடத்துக் காற்றாடி ஒன்று எழுப்பிய 19 ஹெர்ட்ஸ் அதிர்வே அங்கே கண்ட உருவத்துக்குக் காரணம் என்று 1998-இல் எழுதினார். காதுக்குக் கேட்கும் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதை உடம்பு உணரும், காது கேட்காது. எல்லா ஆய்வாளரும் ஏற்ற முடிவு இல்லை, என்றாலும் கதைமாந்தன் வாயில் வைக்கத் தகுந்த வாதம்.

அளவு என்னவென்றால், நம்பாதவன் சொல்வது பத்தில் ஒன்பதை விளக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் பேய் இருக்கிறது. வாயுதான் எரிந்தது சரி, அது ஏன் படகு திரும்பியபோது திரும்பியது? இடப்பக்கம் காலியாகவே நிற்கிற காட்சி இருந்தால் அது வெறும் வித்தை, வெட்டுங்கள். எல்லாவற்றையும் விளக்கிவிட்ட இடப்பக்கம் இருந்தால் அந்தக் காட்சியில் பேயே இல்லை, அதையும் திருத்துங்கள்.

ஒவ்வொரு விரிப்பின் மூலையிலும் பயத்தின் அளவை ஒன்று முதல் ஐந்துவரை போட்டு வைக்கலாம். மூன்று ஐந்து தொடர்ந்து வந்தால் மூன்றாவது எடுபடாது. நடுவில் சோறு பொங்குகிற காட்சி, பள்ளிக்கூடக் கட்டணம் கட்டுகிற காட்சி வேண்டும். அதற்குமேல் இந்த எண்ணை நம்பத் தேவையில்லை.

பழங்காலத்துக்குப் போகும் அத்தியாயம் இருந்தால் சொல்லுக்கென்று மூன்று தாள் ஒதுக்குங்கள். புதுச்சேரி எழுத்தாளருக்கு இதில் கொடுப்பினை அதிகம். பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இதே ஊரில் தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். கும்பினி, முசே (பிரெஞ்சில் ‘ஐயா’) என்று அந்தக் காலத்துப் பேச்சு எப்படிப் புழங்கியது என்று நேரே பார்க்கலாம். அந்த நடையை அப்படியே போலி செய்தால் வாசகர் திணறுவார். பக்கத்துக்கு இரண்டு மூன்று சொல் போதும். முக்கியமாக மணியைப் பாருங்கள். 1758-இல் கோட்டைக்கு வெளியே இருக்கும் ஒரு கிராமத்தாள் ‘ராத்திரி 12 மணி’ என்று நினைக்க மாட்டாள். நாழிகை 24 நிமிஷம், சாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். பொழுது சாய்ந்ததிலிருந்து எண்ணினால் இரண்டாம் சாமம் முடிகிற நேரமே நமக்கு 12.

அத்தியாயத்தைக் கணினியில் எழுதும்போது நோட்டை மூடிவிடுங்கள். திறந்து வைத்து எழுதினால் காட்சி கணக்குப்பிள்ளை எழுதியது போலிருக்கும்: திதி, காற்று, சில்வண்டு எல்லாம் முதல் பத்தியிலேயே வந்து குவியும். எழுதி முடித்த மறுநாள் திறந்து ஒப்பிடுங்கள். சட்டம் மீறப்பட்டிருந்தால் அத்தியாயத்தைத் திருத்த வேண்டுமே தவிர சட்டத்தைத் திருத்தக்கூடாது. சட்டத்தைத்தான் மாற்றியாக வேண்டும் என்றால் அந்தச் சட்டம் வருகிற எல்லாக் காட்சியையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு சட்டத்தின் பக்கத்திலும் அது பயன்படும் காட்சி எண்களைப் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது.

மழைக்காலத்தில்

கைக்காகிதம் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மாதம் வெளியில் கிடந்தால் தாள் நெளியும், அட்டை வளையும், பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் டப்பாவில் போடலாம், தாளில் படாதபடி துணியில் முடிந்து. ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் தடவுவதைப் பார்த்துத் தாளுக்கும் தடவிவிடாதீர்கள். ஓலை தாங்கும், தாளில் எண்ணெய்க் கறை போகவே போகாது.

நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்க வேண்டாம், முறுக்கிக்கொள்ளும். பத்துத் தாளுக்கு ஒன்றாக மை ஓடாத வெள்ளை உறிஞ்சுதாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்து, சில மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை வரும். கரண்ட் இருந்து, உட்கார்ந்து காயவைக்க நேரம் மட்டும் இல்லை என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது, வெள்ளம் வடிந்தபின் நிதானமாகக் காயவைக்கலாம். மார்பிள் அட்டையின் சாயம் உள்தாளில் இறங்காமல் முதலில் அட்டைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் கொடுங்கள்.

போனில் படம் எடுத்து வைப்பதானால் ஃபிளாஷ் வேண்டாம். தாளின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழல் விழுந்து எழுத்தை மறைக்கும். நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

யார் வாங்கலாம்

ஒரே மாதத்தில் எழுதி முடித்துக் கொடுக்க வேண்டிய மாத நாவலுக்கு இது வேண்டாம். அதற்கு 40 பக்கப் பள்ளி நோட்டே மேல், வேகமாக எழுதிக் கிழிக்கலாம். தொடராக ஒரே ஊரை, ஒரே பேயைப் பல கதைகளில் எழுதுகிறவருக்கும், பழங்காலமும் இக்காலமும் கலந்து எழுதுகிறவருக்கும் கொடுத்த காசுக்கு மேலேயே பயன் தரும். ஏ6 அளவு சட்டைப்பைக்கு வசதிதான், ஆனால் காட்சியும் நம்பாதவனும் எதிரெதிரே நிற்க இடம் போதாது.

கட்டிய நோட்டின் விலை அதிகமாகத் தோன்றினால் 22×30 அங்குல உதிரி முழுத்தாள் ஐந்து வாங்குங்கள். ஒவ்வொன்றையும் நாலு முறை பாதிபாதியாக மடித்து ஓரத்தை வெட்டினால் 5½×7½ அங்குலத்தில் 16 தாள் வரும். ஐந்து முழுத்தாளுக்கு 80. கைக்காகிதத்தில் நார் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் எப்படி மடித்தாலும் ஒரே மாதிரி மடியும், இயந்திரத் தாளைப் போல ஒரு திசையில் வெடிக்காது. எட்டெட்டாகப் பிரித்து, மெழுகு தடவிய பருத்தி நூலால் முதுகில் ஐந்து துளை போட்டுத் தைத்தால் போதும். வரைபடத்துக்கு ஆறாவது முழுத்தாள் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கைக்காகிதத்தில் இந்த வாரம் பார்த்த நிறமும் கனமும் அடுத்த வாரம் அப்படியே கிடைக்காது.